பீரோ கண்ணாடிக்குப் போட்ட சேலை

கேளுங்க கண்ணுங்களா. தினமும் சாயங்காலம் செவ்வந்தி வீட்டு பீரோ கண்ணாடியில் பக்கத்து உலகத்துச் செவ்வந்தி வருவாள். அதே முகம், அதே பதினைந்து வயசு. உலகம் விட்டு உலகம் தாவும் நிலவன் என்ற வீரனைப் பற்றிய நாவலை இருவரும் நாளுக்கொரு அத்தியாயம் படித்து, சண்டைக் கட்டங்களில் சேர்ந்து கத்துவார்கள். பாதியில் கண்ணாடிக்குள் இருப்பவள் மட்டும் முழுசாகப் படித்துவிட்டு, "நிலவன் கடைசியில செத்துடுறான்டி" என்று சிரித்தாள்.

இதுக்குப் பழிவாங்க நம்ம செவ்வந்தி ஒரு வருஷம் காத்திருந்தாள். இங்கே இரண்டாம் பாகம் வந்தது. அங்கே அதை எழுதுவதற்குள் எழுத்தாளர் இறந்துபோனார்.

நம்ம செவ்வந்தி கண்ணாடி முன் உட்கார்ந்து அதைத் தினமும் சத்தமாக வாசித்தாள். கதையில் நிலவன் உயிரோடு திரும்பி வந்து, தன் அம்மா வீட்டுக் கதவைத் தட்டினான். அங்கேயே புத்தகத்தை மூடினாள்.

"கதவு திறந்துச்சா? சொல்லுடி பாவி!"

"அன்னைக்குச் சிரிச்சியே, இப்பவும் சிரி."

அம்மாவின் பழைய சேலையை எடுத்துக் கண்ணாடியை மூடினாள்.

மூன்று மாசமாச்சு. கடைசி அத்தியாயத்தை நம்ம செவ்வந்தியும் இன்னும் படிக்கவில்லை. கூடக் கத்த ஆளில்லாமல் மனசு வரவில்லை. சேலையை எடு என்று அம்மா சொன்னால், "முதல்ல அவ மன்னிப்பு கேக்கட்டும்" என்கிறாள்.

அந்தப் பக்கம் இருப்பவளும் செவ்வந்திதானே, கண்ணுங்களா. அவள் மட்டும் இறங்கி வருவாளா?