சேர்ந்தே நரைப்போம்

ஏழாம் மாத வளைகாப்பில் தன் ஒரு கன்னத்தில் சந்தனம் பூசிவிட்டுக் கணவன் இளங்கீரன் கையை எடுத்தபோதுதான், அவன் கட்டைவிரலில் தழும்பு இல்லாததை மதிவதனி கண்டாள். கல்யாணமான வருடம் பலாப்பழம் அரிந்தபோது பட்ட வெட்டு அது. ஆயுளைப் புதுப்பித்துக்கொண்டு வருபவர்களுக்குத்தான் பழைய தழும்பெல்லாம் துடைத்தாற்போல் மறைந்துவிடும்.

அப்படிப் புதுப்பிக்க உரிமை தரும் ஆயுள் அட்டையைத் தம்பதியில் ஒருவர் அரசிடம் திருப்பித் தந்தால்தான் பிள்ளை பெற அனுமதி. ஒருவர் தந்தால் போதும். ஆனால் இருவருமே தந்துவிடுவோம், சேர்ந்தே நரைப்போம் என்று சொன்னவன் அவன்தான். அவள் அன்றைக்கே கொடுத்துவிட்டாள்.

“அட்டையைக் குடுத்துட்டேன்னு சொன்னீங்களே?” என்றாள், சபைக்குக் கேட்காதபடி.

அவனும் குரலைத் தாழ்த்தினான். “கியூவுல நிக்கிறப்ப பயம் வந்துருச்சு மதி. நான் சாகறதுக்கு நானே கையெழுத்துப் போடணுமான்னு தோணுச்சு. எந்த உசுரும் முதல்ல தன்னைக் காப்பாத்திக்கத்தானே பாக்கும்? அதோட, பிள்ளைக்குன்னு ஒருத்தர் கடைசிவரைக்கும் இருக்கணும்ல?”

“எனக்கப்புறம் வர்றவகிட்டயும் இதையேதான் சொல்வீங்களா, சேர்ந்தே நரைப்போம்னு?”

அவனுடைய சந்தனக் கை அவளுடைய மறு கன்னத்துக்கு நகர்ந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“ஐயோ, ஒத்தக் கன்னம் ஆகாது அண்ணி!” என்று நாத்தனார் பதறினாள்.

“அப்ப நீ வந்து பூசு,” என்று மதிவதனி அவளிடம் முகத்தைக் காட்டினாள்.