வேறொருவர் பயன்படுத்துகிறார்

“மாப்பிள்ளையை யாரோ பிடிச்சு வச்சிருக்காங்க சார். விடவே மாட்டேங்கறாங்க.”

வரவேற்பு மேஜைப் பெண் அழாக்குறையாகச் சொன்னாள். புரோகிராமர் தோள்பையை நிதானமாகக் கீழே இறக்கி வைத்தான்.

“எந்த மிஷின்ல?”

அது ஒரு திருமணத் தகவல் மையம். அங்கே பதிந்த வரன்கள் எல்லாம் அவன் என்றோ எழுதிக் கொடுத்த டேட்டாபேஸுக்குள் குடியிருந்தார்கள். ஒருவரின் பதிவை ஒரு கம்ப்யூட்டரில் திருத்தத் திறந்தால், அதை மூடும்வரை மற்ற மேஜைகளில் அது திறக்காது. ‘இப்பதிவை வேறொருவர் பயன்படுத்துகிறார்’ என்று மட்டும் வரும். யார் என்று சொல்லாது. அவ்வளவு நாகரிகமான சாப்ட்வேர்.

“திறந்தா மூடிட்டு டீ குடிக்கப் போங்கன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?”

“மூடறோமே சார். சில சமயம் சுவிட்சையே அணைச்சுடறோம்.” அதைப் பெருமையாகவே சொன்னாள்.

அவன் அவளுடைய கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். இந்த அலுவலகத்தில் அவனுக்குக் கட்டுப்படியான பதில் மௌனம் ஒன்றுதான். பிறந்த தேதிக் கட்டத்தில் ‘சரியாகத் தெரியவில்லை’ என்று அடித்துவிட்டு, கம்ப்யூட்டர் அதை ஏற்க மாட்டேன் என்று அடம்பிடிப்பதாக அவனைக் கூப்பிட்டவர்கள். எல்லாவற்றுக்கும் ஒரு நகல் எடுத்து வையுங்கள் என்றால், அதே கம்ப்யூட்டரில் பக்கத்திலேயே எடுத்து வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள்.

“எந்த மாப்பிள்ளை?”

அவள் குரலைத் தாழ்த்தினாள். “நீங்கதான் சார்.”

உண்மைதான். சர்வீஸுக்குப் பணம் தருவதற்குப் பதிலாக, மையத்தின் முதலாளியான மேடம் அவனையும் வரனாகச் சேர்த்துக்கொண்டிருந்தார். கல்யாணம் முடியும்வரை சாப்ட்வேரை அவன் பார்த்துக்கொள்வான். அவனுக்குப் பெண்ணை மையம் பார்க்கும். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். பெண் வீட்டிலிருந்து ஒரு போன்கூட வரவில்லை. “உன் மூஞ்சில சிரிப்பே இல்லையேடா, யாரு கேப்பா?” என்றாள் அம்மா. அவனும் போட்டோவைத்தான் சந்தேகித்தான்.

“எப்பலேருந்து இப்படி?”

“உங்களை எப்பத் தேடினாலும் இப்படித்தான் சார்.”

“சொல்லவே இல்லையே?”

“எதுக்கு சார் உங்களுக்குத் தொந்தரவுன்னு, வேற மாப்பிள்ளையைக் காட்டிடுவோம்.”

அவன் கண்களை மூடித் திறந்தான்.

“இன்னிக்கு அப்படி முடியாது சார்,” என்று அவள் சோபாப் பக்கம் கண்காட்டினாள். “அந்தப் பொண்ணு கம்ப்யூட்டர் தெரிஞ்ச பையனா, தொணதொணன்னு பேசாதவரா வேணுங்குது. அவங்க ஊர்ல அச்சகம் வச்சிருக்காங்க. மாப்பிள்ளை அங்கேயே வந்துடணுமாம். உங்களைத் தவிர யாரும் பொருந்தலை.”

அப்பா, அம்மா, நடுவில் பெண். அவள் மடியில் ஒரு புத்தகம். அத்தனை சத்தத்திலும் தலை நிமிராமல் படித்துக்கொண்டிருந்தாள். அவன் அதிக நேரம் பார்த்துவிட்டான்.

“நானே போய்ச் சொல்லிடட்டுமா?”

“ஐயோ, மேடம் ரூல் சார். பிரிண்ட் எடுத்துத்தான் காட்டணும். கம்ப்யூட்டர்ல வராத மாப்பிள்ளையை வாயால சொல்லக் கூடாது.”

பெண்ணின் அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “பஸ்ஸுக்கு நேரமாச்சும்மா. இருந்தா காட்டுங்க, இல்லேன்னா கிளம்பறோம்.”

பதிவைப் பிடித்து வைத்திருக்கும் கம்ப்யூட்டரைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருந்தது. அவன் அவசரமாகத் தட்டத் தொடங்கினான். வரவேற்புப் பெண் பேனா மூடியைக் கடித்தபடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டென்று அவனுக்கு ஒன்று தோன்றியது. வேறு யார் கண்ணிலும் அவன் பட்டுவிடக் கூடாது என்ற எண்ணம் இவளுக்கு ஏன் இருக்கக் கூடாது? அவன் விரல்கள் நின்றன.

“நீங்களா... என் பதிவைத் திறந்து வச்சிருக்கீங்க? தப்பா எடுத்துக்க மாட்டேன்.”

“எனக்கு நிச்சயம் ஆயிடுச்சு சார்,” என்றாள் அவள். “சீக்கிரம் பாருங்க.”

அவன் பார்த்தான். திரையில் வந்த பெயர் அவள் மேஜையுடையது அல்ல. மேடத்தின் அறை.

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான். மேடத்தின் திரை முழுக்க அவனுடைய சிரிக்காத முகம். ஓரத்தில், திருத்திக்கொண்டிருப்பதைக் காட்டும் சின்னப் பென்சில்.

“மேடம், என் பதிவை மூட மறந்துட்டீங்க போல.”

“மறக்கலைப்பா. காலைல வந்ததும் முதல் வேலையா அதைத்தானே திறக்கறேன்.”

கண்ணாடிக்கு வெளியே அந்தப் பெண் புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்தாள். மூன்று பேரும் எழுந்தார்கள்.

“ஏன் மேடம்?”

மேடம் எதிர் நாற்காலியை அவன் பக்கம் நகர்த்தினார்.

“உன்னைக் கட்டிக் கொடுத்துட்டு, இந்த சாப்ட்வேரை வச்சுக்கிட்டு நான் என்னப்பா பண்ணுவேன்?”