உள்ளே வர அனுமதி

கண்டோன்மென்ட் பல் டாக்டரின் உயரமான நாற்காலியில், காலைப் பூசையில் முதன்முதலாக நற்கருணை அப்பம் பெற்று, புதுநன்மை வாங்கிய வெள்ளை உடையோடு ஏழு வயது ரோசலின் உட்கார்ந்திருக்கிறாள். கன்னம் வீங்கி ஒரு கண் பாதி மூடியிருக்கிறது. இன்றே சீழை எடுக்காவிட்டால் தாடைக்குள் இறங்கிவிடும். அவளோ உதடுகளை இறுக்கிக்கொண்டு மாட்டேன் என்று தலையசைக்கிறாள். “நற்கருணை பல்லுல படக்கூடாதுன்னு சிஸ்டர் சொன்னாங்களாம் டாக்டர். வாய்க்குள்ள சேசு இருக்காராம், தண்ணிகூடக் குடிக்கல,” என்கிறாள் தாய் அல்போன்சா. மகளிடம் திரும்பி, “கரைஞ்சிருப்பாருடி, தொறயேன்!” என்று கெஞ்சுகிறாள். டாக்டர் நஞ்சுண்டையா சிரிக்கவில்லை. இடுக்கியைத் தட்டில் வைத்துவிட்டுக் குனிந்து, பூட்ஸ் கயிற்றை அவிழ்க்கிறார். கோயில் வாசலில் நிற்பவரைப் போல வெறுங்காலோடு அவள் முன் நிற்கிறார். “உள்ள வரலாமா, புட்டம்மா?” என்று கன்னடத்தில் சின்னப் பெண்ணைக் கொஞ்சும் சொல்லால் கேட்கிறார். ரோசலின் அவருடைய பாதங்களையே பார்க்கிறாள். ஜன்னல் வெயிலில், மெல்ல, வாய் திறக்கிறது.