பலகையில் பூசிய கரி

கண்ணகை அம்மன் அறிய, இந்த வாவித் தண்ணீர் அறியச் சொல்கிறேன்: இதில் ஒரு சொல் பொய்யென்றால் என் நாக்கை மீன் கொத்தட்டும்!

வெள்ளைக்காரன் காலம். வாவிக்கரையில் ஒரு முஸ்லிம் ஊர். அங்கே பெண் பிள்ளைகளுக்கென்று அரசாங்கம் புதுப் பள்ளிக்கூடம் கட்டியது. பிள்ளை சேர்க்கும் உத்தியோகம் பட்டணத்து யோகராசாவுக்கு.

நல்ல நாளென்று வெள்ளிக்கிழமை திறந்தார். ஒரு பிள்ளை வரவில்லை. சந்தியில் அவர் தன் கையால் எழுதி நட்ட அறிவித்தல் பலகையிலோ, கரி!

"ஆர் பூசினது?"

"நான்தான் ஐயா," என்று முன்னுக்கு வந்தார் நெசவுக்கார முகைதீன்பாவா. கையிலும் கரி. பின்னால் ஊரே நின்றது.

"நாலு பொம்பிளைப் பிள்ளையப் பெத்தவன் நீ! அரசாங்கம் வீடு தேடி வந்து கண்ணத் திறக்குது, நீ கரி பூசுறாய். படிப்பெண்டா ஒங்களுக்கு வேப்பெண்ணையோ?"

"பிழைதான் ஐயா. தண்டத்தக் கட்டுறன். இதோட விடுங்க."

"விடுறதோ? கோட்டுப் படியேத்துவன்! முதல்ல அதக் கழுவு. என்ன எழுதியிருந்ததெண்டு ஊரறிய வாசி!"

"அது மட்டும் வேணாம் ஐயா. ஒங்கட நன்மைக்குத்தான் சொல்றன்."

"எனக்கு நீ நன்மை சொல்றியோ?"

யோகராசா தன் சால்வையை நனைத்துத் தானே துடைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு தானே வாசித்தார்:

"வெள்ளிக்கிழமை முதல் பெண் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புக. அனுப்பாதோருக்குத் தண்டம்!"

கூட்டம் கொதித்தது. தடிகள் உயர்ந்தன. முகைதீன்பாவா பாய்ந்து அவருக்கு முன்னால் கை விரித்து நின்றார்.

பக்கத்து வேலிக்கு அங்காலிருந்து முகைதீன்பாவாவின் மனைவி ஆயிஷா உம்மாவின் குரல் வந்தது.

"ஐயா, ஒங்களுக்குப் பள்ளியெண்டா பிள்ளைகள் படிக்கிற இடம். எங்களுக்குப் பள்ளியெண்டா ஆம்பிளைகள் தொழுற இடம். வெள்ளிக்கிழமை பொம்பிளைப் பிள்ளைகள அங்க அனுப்பாட்டித் தண்டமெண்டா ஊரு சும்மா இருக்குமா? நேத்தே ஒங்கள அடிக்க வெளிக்கிட்டாங்க. இந்த மனிசன்தான் அந்த ஒரு சொல்லில கரியப் பூசிப்போட்டு, 'ஐயா அப்பிடி எழுதல்ல, நீங்கதான் பிழையா வாசிச்சீங்க' எண்டு எல்லாருக்கிட்டயும் ஏச்சு வாங்கினாரு. சனம் ஆறட்டும், அனுப்புவம் எண்டு நாங்க சொல்ல, நாலு பிள்ளையும் விடியத்தில இருந்து சிலேட்டோட குந்திக்கிட்டு இருக்குதுகள்."

பலகையில் இடம் போதாதென்று தான் வெட்டி எறிந்த அந்தக் 'கூடம்' யோகராசாவின் தலையிலேயே இடிந்து விழுந்தது.

முகைதீன்பாவா மடியிலிருந்த கரிக்கட்டையை எடுத்து நீட்டினார்.

"நீங்களே எழுதிப்போடுங்க ஐயா. நான் எழுதினா, ஒங்களுக்கு எழுதத் தெரியாதெண்டு ஊரு நினைக்கும்."

ஆர் சொன்ன கதையென்று மட்டும் மூச்சு விடாதீங்க. யோகராசாவின் பேரன்மார் என் வளவுக்கு அடுத்த வளவு!