தேய்ந்த கிளீட்

சைக்கிள் கடைக்குள் மதிய வெயில் ஒரு முழம்தான் வந்திருக்கிறது. அந்த வெளிச்சத்தில் மெக்கானிக் பெண் ஒரு ஷூவைக் கவிழ்த்துப் பார்க்கிறாள். பெடலைக் கவ்விக்கொள்ள அடியில் திருகியிருக்கும் பிளாஸ்டிக் கிளீட், கரைந்த சோப்புத்துண்டு மாதிரி வழவழத்துக் கிடக்கிறது. ஷூவுக்குச் சொந்தக்காரர், தலை நரைத்தவர், வெறும் சாக்ஸோடு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார். சுவரில் சாய்த்த அவருடைய சைக்கிளின் பெடலில் தூசி படிந்திருக்கிறது. "மூணு மாசம் முன்னாடிதானே சார் மாத்தினேன்? ஓட்டினா இப்படித் தேயாது, நடந்தாத்தான் தேயும். அப்படி எங்கதான் நடக்கறீங்க?" "வீட்டுக்குள்ளதான்மா. ஹாலுக்கும் சமையல்கட்டுக்கும்." அவள் சிரித்துவிடுகிறாள். "வீட்டுல திட்ட மாட்டாங்களா?" "திட்டாம? டக் டக்னு கேட்டாப் போதும், 'தரையெல்லாம் கீறுது, கழட்டிப் போட்டுட்டு வாங்க'ன்னு அடுப்படியில இருந்தே கத்துவா." சொல்லும்போதே அவர் முகம் மலர்கிறது. "போன வருஷம் வரைக்கும்." அவள் குனிந்துகொள்கிறாள். புதுக் கிளீட்டின் மூன்று திருகுகளையும் தேவைக்கு மேலேயே முடுக்குகிறாள். பிறகு இழுப்பறையிலிருந்து இரண்டு ரப்பர் உறைகளை எடுத்து நீட்டுகிறாள். "நடக்கும்போது இதை மாட்டிக்குங்க சார். தேயாது, சத்தமும் வராது." அவர் ஓர் உறையை விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு மேஜைமேல் திருப்பி வைக்கிறார். ஷூவை மாட்டிக்கொண்டு எழுந்து, சிமெண்ட் தரையில் இரண்டு தட்டுத் தட்டுகிறார். டக், டக். காதைச் சாய்த்துக் கேட்கிறார். "ம். இது அடுப்படி வரைக்கும் கேக்கும்."