வண்டி பார்க்கும் படலம்

சக்கரத்தின் இடுக்கில் பழைய பல் பிரஷ்ஷை விட்டுக் குடைந்துகொண்டிருந்தபோது கங்கப்பன் மூன்றாவது முறையாகப் போன் செய்தான்.

"டேய், வெயில் ஏறதுக்குள்ள தொடச்சிடு. சோப்பு காஞ்சா திட்டுத் திட்டா நிக்கும். துணி புதுசுதானே?"

புதுசுதான் என்றேன். என் புது வேட்டியில் பாதி அது என்பதைச் சொல்லவில்லை.

கங்கப்பனும் நானும் கம்பெனியில் ஒரே ஷிப்ட். அடுத்தவன் சட்டைக்குப் பொத்தான் போடுவதற்குக்கூட யோசனை சொல்லுகிற ஆள் அவன்.

எனக்கு, புது வண்டிகளுக்கு வர்ணம் அடிக்கிற பெயிண்ட் ஷாப்பில் சோதிக்கிற வேலை. யாரோ ஓட்டப்போகிற வண்டிகளின் மேல் எட்டு மணி நேரம் தூசி தேடுவேன். அந்தக் கண்ணை இன்று வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்திருந்தேன். பானெட்டில் என் முகம் தெரிந்தது. முப்பத்து நாலு வயது முகத்தை அவ்வளவு தெளிவாகக் காட்டியிருக்க வேண்டாம்.

பத்து மணிக்குப் பெண் வீட்டார் வருகிறார்கள்.

இது ஏழாவது இடம். முந்தைய ஆறும் "பையன் நல்ல பையன்தான்" என்று ஆரம்பித்து, அதோடு நின்றுபோனவை. இதுவும் போனால் ஜாதகத்தைத் தூக்கிப் பரணில் போட்டுவிடுவதாக அம்மா சொல்லியிருந்தாள்.

தரகர் நாராயணம்மா பெண் வீட்டுக்கு அனுப்பிய விவரத்தில் முதல் வரி என் பெயரும் ஊரும்: மாதேஸ்வரன், உத்தனப்பள்ளி. இரண்டாம் வரி 'கார் உண்டு'. படிப்பெல்லாம் அதற்குக் கீழேதான்.

பெண்ணைப் பற்றி எங்களுக்கு வந்ததில் 'அனிதா, ஓசூரில் ஆபீஸ் வேலை' என்று மட்டும் இருந்தது. மாப்பிள்ளை வீடு பார்க்கப் பெரியவர்கள் வருவதுதான் வழக்கம். நானும் வருவேன் என்று அந்தப் பெண் சொல்லிவிட்டதாம்.

பின் இருக்கைக்கு அடியில் கையை விட்டேன். முறுக்குத் தூள், காய்ந்த மாங்கொட்டை, சுண்டுவிரல் நீளத்தில் ஒரு குழந்தை சாக்ஸ்.

கல்யாணத்துக்கு நிற்கிறவன் வீட்டு வாசலில் குழந்தை சாக்ஸ். அவசரமாகச் சட்டைப் பாக்கெட்டில் திணித்தேன்.

அவர்கள் அரை மணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டார்கள். பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தே வந்திருந்தார்கள். பெரியம்மா ஒருத்தர் நேராக மின்விசிறியைத் தேடி உள்ளே போனார். பெண்ணும் அவள் அப்பா மாதப்பனும் வாசலிலேயே நின்றார்கள். மடித்துக் கட்டிய லுங்கியில், கையில் பல் பிரஷ்ஷோடு மாப்பிள்ளை நான் நின்றேன்.

மாதப்பன் காரை ஒரு சுற்றுச் சுற்றினார். விரலால் தடவி விரலைப் பார்த்தார்.

"நல்லா வெச்சிருக்கீங்க தம்பி. இஞ்சினப் பாக்கலாமா?"

ஸ்டியரிங்குக்குக் கீழே கையை விட்டுக் கிடைத்ததை இழுத்தேன். பின்னால் பெட்ரோல் மூடி திறந்துகொண்டது. இன்னொன்றை இழுத்தேன். டிக்கி வாயைப் பிளந்தது.

பொய் சொல்ல வராத என் அம்மா, "காப்பி" என்று முனகிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

அனிதா என்னைத் தாண்டிக் குனிந்தாள். பார்க்காமலே ஒரு விரலால் எதையோ இழுத்தாள். பானெட் டக்கென்று எழும்பியது.

மாதப்பன் இஞ்சினைப் பார்த்தார். நானும் அப்போதுதான் பார்த்தேன். இருவரும் மரியாதையாகத் தலையாட்டினோம்.

அவர் காப்பிக்கு உள்ளே போனதும் அனிதா பானெட்டை மூடினாள். நான் பளபளவென்று துடைத்துவைத்திருந்த நம்பர் பிளேட்டை ஒருமுறை படித்தாள்.

"சர்வீஸ் சென்டர்லருந்து போன் பண்ற வேல எனக்கு. இந்த நம்பர் வண்டிக்காக கங்கப்பன் அண்ணனுக்கு மூணு தடவ பண்ணிட்டேன், எடுக்கவே மாட்டேங்கறாரு. வண்டிக்கு சர்வீஸ் தேதி தாண்டிருச்சுன்னு நீங்களாவது சொல்லுங்க."

என் முழங்கையில் சோப்பு நுரை வெடிப்பது எனக்குக் கேட்டது.

என் பாக்கெட்டிலிருந்து எட்டிப்பார்த்த சாக்ஸை அவள் பார்த்தாள். "அந்த சாக்ஸையும் குடுத்துடுங்க. அவங்க பாப்பா தேடும்."

ஏழு, என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டேன்.

"நேத்து சாயங்காலம் இரவல் வாங்கிட்டு வந்தேங்க. உங்கப்பாகிட்ட நானே சொல்லிடறேன்."

"உங்க வண்டி எது?"

மாட்டுக்கொட்டகைப் பக்கம் கையைக் காட்டினேன். நேற்றைய மழையில் ராயக்கோட்டை ரோட்டுச் சேறு மொத்தமும் அதன்மேல் இருந்தது. அடியில் ஒரு பைக் இருப்பதை நான் சொல்லித்தான் நம்ப வேண்டும்.

அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். என் கையிலிருந்த பிரஷ்ஷைப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் வாசற்படியில் ஏறி நின்று உள்ளே பார்த்துச் சொன்னாள்.

"அப்பா, கார் இவரோடது இல்ல. கூட்டாளியோடது. இவருக்கு பைக்தான். எனக்கு அது போதும்."

உள்ளே டம்ளரைக் கீழே வைக்கிற சத்தம்.

"அப்ப சொந்தமா என்னதாம்மா இருக்குது இவங்களுக்கு?" என்றார் மாதப்பன்.

அம்மா அப்போதுதான் வாயைத் திறந்தாள். குரல் தெருவரைக்கும் கேட்டது.

"மாடு எங்களுதுங்க. நீங்க குடிக்கற காப்பி அந்தப் பால்தானுங்க."

டம்ளரை மறுபடி எடுக்கிற சத்தம்.

பிறகு மாதப்பன், இன்னும் அரை டம்ளர் கிடைக்குமா என்று கேட்டார்.

அங்கேயே உட்கார்ந்து அழலாம்போல இருந்தது. அதற்குப் பதிலாக, மிச்சமிருந்த சோப்புத் தண்ணீரை வாளியோடு தூக்கிக்கொண்டு பைக்கிடம் போனேன்.