கடல் சூடான வருஷம்

ஒரு மாந்தோப்பில் பங்கனப்பள்ளி மரம் ஒன்று இருந்தது. போன வருஷம் கிளை ஒடியும் அளவுக்குக் காய்த்த மரம் அது. நாலு காய் குறைவாகக் காய்த்த பக்கத்துக் கிளிமூக்கு மரத்துக்கு, எப்படிக் காய்க்க வேண்டும் என்று அந்தக் கோடை முழுக்கப் பாடம் நடத்தியது.

மா பூக்கக் குளிர் வேண்டும். இந்த வருஷம் மார்கழியில் குளிரே இல்லை. தை பிறந்தும் பங்கனப்பள்ளி பூக்கவில்லை. வெறும் தளிர்தான் விட்டது. தோப்புக்காரர் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார். வெட்டிவிடுவாரோ என்று அது பயந்தது.

அப்போது வழிதவறி வந்த கடல் பறவை ஒன்று அதன் கிளையில் உட்கார்ந்தது.

"எங்கேயோ தூரத்தில் கடல் சூடாகிவிட்டது, அண்ணே. அதனால்தான் இங்கே குளிர் வரவில்லை. நான் வந்த வழியில் ஒரு தோப்பிலும் பூ இல்லை" என்றது பறவை.

பங்கனப்பள்ளிக்கு உயிர் வந்தது. "கேட்டாயா தம்பி, என் மேல் தப்பே இல்லை!" என்று கிளிமூக்கிடம் சொன்னது.

கிளிமூக்கு பறவையைப் பார்த்து, "போன வருஷம் கடல் எப்படி இருந்தது?" என்று கேட்டது.

"நல்ல குளிர்ச்சி. தோப்புக்குத் தோப்பு காய்த்துத் தொங்கியது."

பங்கனப்பள்ளி தன் கிளைகளை நிமிர்த்திக்கொண்டது.

"மற்ற தோப்புகளுக்கெல்லாம் கடல் உதவியிருக்கும்" என்றது. "நான் பாடுபட்டுக் காய்த்தேன்."